ஒரு நாள் பூவுக்கு மூன்று வருடக் காத்திருப்பு!

அமெரிக்காவின் டேலில்லித் தோட்டங்களில் ஒரு ஜூலை காலை

காலை ஆறு மணி. புல்லில் ஈரம் இன்னும் காயவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறார் வீட்டுக்காரர். முதல் வேலை, பூப்பறிப்பது. ஆனால், அவர் கை போவது இன்று பளிச்சென்று விரிந்திருக்கும் பூக்களின் பக்கம் இல்லை. நேற்று இதே நேரம் மலர்ந்து, இரவோடு இரவாக வதங்கி, நனைந்த துணிபோல் சுருண்டு தொங்குகிற பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி வாளியில் போடுகிறார். வாளி நிறைகிறது. கொட்டிவிட்டு வருகிறார். மறுபடியும் நிறைகிறது.

நேற்று இந்தத் தோட்டத்தில் பூத்த அத்தனை பூக்களும் இப்போது அந்த வாளியில். இன்று பூத்திருக்கும் அத்தனையும் நாளை காலை இதே வாளிக்கு வந்துவிடும். டேலில்லியின் கணக்கு அவ்வளவுதான். ஒரு பூவுக்கு ஒரு நாள்!

இது ஏதோ ஒரு வீட்டின் காட்சி மட்டுமல்ல. ஜூலை மாத நடுவில் ஒஹையோ, மிச்சிகன், இண்டியானா என்று அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில், டேலில்லியில் புது ரகம் உருவாக்குபவர்களின் எந்த வீட்டுக்குப் போனாலும் விடியற்காலை இப்படித்தான் தொடங்கும். அவர்களை அங்கே 'ஹைபிரிடைசர்' என்கிறார்கள். ஆசிரியர், மருத்துவர், கடைக்காரர், ஓய்வுபெற்றவர், இல்லத்தரசி என்று எல்லா வகையினரும் இதில் உண்டு. பெரும்பாலானோருக்குப் பல்கலைக்கழக ஆய்வகம் எதுவும் கிடையாது. வீட்டைச் சுற்றியிருக்கும் நிலம்தான் ஆய்வகம்.

சரி, ஒரு நாள் மட்டுமே வாழும் பூவுக்காக ஒருவர் எதற்கு இத்தனை வருடங்களைக் கொடுக்க வேண்டும்? வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குள் நடந்தால், பதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும்.

பெயரில் லில்லி... உறவோ கற்றாழைக்கு!

டேலில்லியின் தாவரவியல் பெயர் ஹெமரோகாலிஸ். கிரேக்க மொழியில் 'ஹெமரா' என்றால் நாள், 'காலோஸ்' என்றால் அழகு. ஒரு நாள் அழகு என்று பெயரிலேயே ஆயுளை எழுதி வைத்துவிட்டார்கள். பெயரில் லில்லி இருந்தாலும் இது லில்லி இனம் கிடையாது. லில்லி, வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைக்கும். டேலில்லிக்குச் சதைப்பற்றுள்ள வேர்கள்தான். இன்றைய தாவரவியல் வகைப்பாட்டின்படி, நம் வீட்டு வாசலில் திருஷ்டிக்காகக் கட்டித் தொங்கவிடுகிறோமே, அந்தக் கற்றாழை இருக்கும் குடும்பத்தில்தான் இதுவும் இருக்கிறது.

சொந்த ஊர் சீனா, ஜப்பான், கொரியா. தரையிலிருந்து விசிறிபோல் விரிந்த நீண்ட இலைகள். அவற்றின் நடுவிலிருந்து இலையில்லாத ஒரு தண்டு எழும்பும். அதன் நுனியிலும் கிளைகளிலும் மொட்டுகள். நல்ல ரகமாக இருந்தால் ஒரு தண்டில் இருபது, முப்பது மொட்டுகள்கூட இருக்கும். தினம் ஒன்று, இரண்டு என்று வரிசை வைத்து மலரும். ஒரு பூ வாடினாலும் செடி வாடுவதில்லை. ஒரு புதர் மூன்று, நான்கு வாரங்கள்வரை தொடர்ந்து பூத்துக்கொண்டே இருக்கும்.

முன்பருவத்தில் பூப்பவை, நடுப்பருவத்தில் பூப்பவை, பின்பருவத்தில் பூப்பவை என்று ரகங்கள் பிரிந்திருக்கின்றன. இவை ஒன்றோடொன்று கைகோக்கும் அந்த இரண்டு வாரங்களைத்தான் உச்சப் பூப்பருவம் என்கிறார்கள். ஃபுளோரிடாவில் அது மே மாதத்திலேயே வந்துவிடும். ஒஹையோவில் ஜூலை நடுவில். இன்னும் வடக்கே மின்னசோட்டாவில் ஜூலை கடைசியாகிவிடும். தெற்கிலிருந்து வடக்காகப் பூ நகர நகர, அதைத் துரத்திக்கொண்டு காரில் ஊர் ஊராகப் போகிற ரசிகர்களும் உண்டு.

எட்டு மணி: கையில் மகரந்தம், தண்டில் சீட்டு

வாடிய பூக்களை அகற்றி முடித்ததும் அடுத்த வேலை ஆரம்பம். இதுதான் முக்கியமான வேலை. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டை (சுமார் 32 டிகிரி செல்சியஸ்) தாண்டினால் காய் பிடிப்பது குறைந்துவிடும்.

டேலில்லிப் பூவின் அமைப்பு ஒரு பள்ளிக்கூடப் படம்போல் அவ்வளவு தெளிவானது. உள்வட்டத்தில் மூன்று இதழ்கள், வெளிவட்டத்தில் மூன்று இதழ்கள், ஆறு மகரந்தக் கம்பிகள், அவற்றையும் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு சூல்தண்டு. ஒரு பூவிலிருந்து மகரந்தக் கம்பியை இடுக்கியால் கிள்ளி எடுத்து, இன்னொரு பூவின் சூல்தண்டு நுனியில் மெதுவாகத் தடவினால் போதும். கல்யாணம் முடிந்தது! பத்து வயதுக் குழந்தைகூட ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளும் வேலை.

கஷ்டம் அடுத்ததில்தான். யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்பதை எழுதி வைக்க வேண்டும். தடவிய கையோடு பூவின் காம்பில் ஒரு சின்னச் சீட்டு தொங்கும். அதில் முதலில் காய் பிடிக்கும் செடியின் பெயர், பிறகு ஒரு பெருக்கல் குறி, பிறகு மகரந்தம் தந்த செடியின் பெயர். சிலர் சீட்டுக்குப் பதிலாகப் பழைய டெலிபோன் கேபிளுக்குள் இருக்கும் கலர் ஒயர்களைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருப்பார்கள். நீல ஒயர் கட்டியிருந்தால் இந்த அப்பா, ஆரஞ்சு ஒயர் கட்டியிருந்தால் அந்த அப்பா என்று ஒரு கணக்கு. சீட்டு காற்றில் பறந்துவிட்டால், அந்தக் காயிலிருந்து என்ன அதிசயம் பிறந்தாலும் வம்சம் தெரியாத பிள்ளைதான்.

முன்பருவத்தில் பூப்பதையும் பின்பருவத்தில் பூப்பதையும் சேர்த்துவைக்க வேண்டுமென்றால்? மகரந்தத்தை உலர்த்திச் சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள். ஐஸ்க்ரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் மகரந்த டப்பா இருப்பது இந்த வீடுகளில் சாதாரணம்.

தடவிய எல்லாமே காய் பிடித்துவிடாது. பிடித்தவை ஆறேழு வாரங்களில் முற்றி, பழுப்பாகி, மூன்று பிளவாக வெடிக்கும். உள்ளே மிளகுபோல் பளபளக்கும் கறுப்பு விதைகள். சில காயில் மூன்று இருக்கும், சில காயில் பதினைந்து, இருபது இருக்கும். இந்த விதைகள் குளிர்காலம் முழுக்க ஃப்ரிட்ஜில் தூங்கி, வசந்தத்தில் மண்ணுக்குப் போகும். ஒரே காயிலிருந்து வந்த விதைகளாக இருந்தாலும், ஒரு வீட்டுப் பிள்ளைகள்போல் ஒன்றின் முகம் இன்னொன்றுக்கு இருக்காது. அந்த முகத்தை முதன்முதலாகப் பார்க்க, வடக்கு மாநிலங்களில் இரண்டு முதல் மூன்று கோடைகள் காத்திருக்க வேண்டும்.

காய்க்காத செடி எழுப்பிய கேள்வி

இந்தப் பித்து எங்கே தொடங்கியது? முதல் கலப்பின டேலில்லியாகப் பதிவாகியிருப்பது 'ஏப்ரிகாட்'. 1890-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் யார்க் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் யெல்டு உருவாக்கியது. ஆனால், டேலில்லியை இன்றைய உயரத்துக்குக் கொண்டுவந்தவர் என்று எல்லோரும் கைகாட்டுவது ஆர்லோ பர்டெட் ஸ்டவுட்டை.

அமெரிக்காவில் பழைய வீடுகளின் ஓரத்திலும் சாலையோரப் பள்ளங்களிலும் தானாக வளர்ந்து கிடக்கும் ஆரஞ்சு நிற டேலில்லி ஒன்று உண்டு. ஸ்டவுட் சிறுவனாக இருந்தபோது அவர் வீட்டருகேயும் அது இருந்தது. வருடா வருடம் பூத்துக் குலுங்கும். ஒரு காய்கூடப் பிடிக்காது. ஏன் என்ற கேள்வி அந்தச் சிறுவனின் மனதில் ஒட்டிக்கொண்டது.

வளர்ந்து தாவரவியலாளரான அவர், 1911-ல் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பல ஆண்டுகள் டேலில்லியை ஆராய்ந்தார். அந்த ஆரஞ்சுச் செடியின் ரகசியமும் பின்னாளில் தெளிவானது. சாதாரண டேலில்லிக்கு 22 குரோமோசோம்கள். இதற்கு 33. இரட்டைப்படையாகப் பிரிய முடியாத எண்ணிக்கை என்பதால் விதை உருவாவதில் சிக்கல். வேரில் பக்கக்கன்று விட்டு மட்டுமே பரவி, கண்டம் விட்டுக் கண்டம் வந்திருக்கிறது அந்தச் செடி.

காட்டு இனங்களில் கிடைத்தது மஞ்சளும் ஆரஞ்சும் பழுப்புச் சிவப்பும்தான். சீனாவிலிருந்து செடிகளை வரவழைத்து, தலைமுறை தலைமுறையாகக் கலந்து, 1934-ல் 'தெரான்' என்ற ரகத்தை ஸ்டவுட் வெளியிட்டார். முதல் சிவப்பு டேலில்லி என்று கொண்டாடப்படுவது அதுதான். அதே ஆண்டு டேலில்லி பற்றிய அவரது புத்தகமும் வந்தது. இன்று தோட்டத்தில் காணும் இளஞ்சிவப்பு, ஊதா, கத்தரிப்பூ நிறம், கறுப்பை நெருங்கும் அரக்கு எல்லாமே அந்தப் பாதையில் வந்தவை.

1946-ல் அமெரிக்காவில் டேலில்லி வளர்ப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. உலகில் எங்கே புது ரகம் உருவானாலும் அதன் பெயரைப் பதிவு செய்யும் அதிகாரம் இந்தச் சங்கத்திடம்தான் இருக்கிறது. பதிவான ரகங்கள் 80,000-ஐ எப்போதோ தாண்டிவிட்டன. 1950 முதல் அவர்கள் கொடுத்துவரும் உச்ச விருதுக்கு ஸ்டவுட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பத்து மணி: பஸ்ஸில் வரும் விருந்தாளிகள்

தோட்டத்தின் முன்பக்கம் இப்போது ஆட்களின் பேச்சுச் சத்தம். உச்சப் பூப்பருவத்தில் சங்கத்துக்காரர்கள் பஸ் பிடித்துக் கும்பலாக வந்து ஒரே நாளில் மூன்று, நான்கு தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். தலையில் அகலத் தொப்பி, கையில் நோட்டுப் புத்தகம், கழுத்தில் கேமரா. நம் ஊரில் நாலு கோயில் சேர்த்து ஒரே நாளில் தரிசனம் செய்துவிட்டு வரும் டூரிஸ்ட் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தின் தேசிய மாநாடு நடக்கும் ஊராக இருந்தால் ஏற்பாடு இன்னும் பலம். வெளியூர் ஹைபிரிடைசர்கள் தங்கள் செடிகளை ஓரிரு ஆண்டுகள் முன்பே இந்தத் தோட்டங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். வேறு மண்ணில், வேறு பருவத்தில் அது எப்படி நிற்கிறது என்பதை எல்லோரும் பார்க்கட்டும் என்பதற்காக.

வந்தவர்கள் நிற்கும் இடத்தை வைத்தே அவரவர் ருசியைச் சொல்லிவிடலாம். ஒருவர், அகலமான இதழ் ஓரங்களில் தங்கக் கரை போட்டு, பட்டுப்புடவை முந்தானைபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும் பூவின் முன் நிற்பார். இன்னொருவருக்கு அது அதிகப்படி. அவர், இதழ்கள் ஒல்லியாக நீண்டு காற்றில் ஆடும் 'ஸ்பைடர்' வகையைத் தேடிப் போவார். இதழின் நீளம் அகலத்தைப்போல் நான்கு மடங்காவது இருந்தால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். மூன்றாமவர், அடுக்கு மல்லிபோல் அடுக்கடுக்காக இருப்பதைப் படம் எடுப்பார். வெயில் பட்டதும் இதழில் சர்க்கரையைத் தூவியதுபோல் மினுமினுப்பதை எல்லோருமே குனிந்து பார்ப்பார்கள்.

எல்லோரும் தேடி, யாருக்கும் கிடைக்காதது ஒன்றும் இருக்கிறது. நீல நிற டேலில்லி! பூவின் நடுவில் இருக்கும் கண் போன்ற வளையத்தில் நீலச்சாயலைக் கொண்டுவந்துவிட்டார்கள். பூ முழுக்க வான நீலம் இன்னும் யாருக்கும் வசப்படவில்லை.

இண்டியானாவில் பிறந்த மஞ்சள் குட்டி

இந்த உலகின் பெரிய சாதனைகள் பலவும் வீட்டுத் தோட்டங்களில் பிறந்தவைதான். 'ஸ்டெல்லா டி ஓரோ' அதற்குச் சரியான உதாரணம். இண்டியானா மாநிலத்தில் வசித்த வால்டர் ஜப்லான்ஸ்கி 1975-ல் பதிவு செய்த ரகம். மூன்று அங்குலம்கூட இல்லாத தங்க மஞ்சள் பூ. முழங்கால் உயரம்கூட வளராத செடி. ஆனால், மற்றவை ஒரு முறை பூத்துவிட்டு ஓய்ந்துவிட, இது கோடை முழுக்க மீண்டும் மீண்டும் பூத்தது. 1985-ல் ஸ்டவுட் விருது வாங்கியது. இன்று அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் ஓரத்திலும் ஷாப்பிங் மால் வாசலிலும் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பது பெரும்பாலும் இதுதான்.

ஆர்கன்சா மாநிலத்தின் சிலோம் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில் இருந்த பாலின் ஹென்றி, தன் ரகங்களுக்கெல்லாம் 'சிலோம்' என்று ஊர்ப் பெயரையே முதலில் வைத்தார். நூற்றுக்கணக்கான ரகங்கள் மூலம் அந்த ஊர்ப் பெயர் உலகத் தோட்டங்களில் நிலைத்துவிட்டது. அவரது 'சிலோம் டபுள் கிளாசிக்' 1993-ல் ஸ்டவுட் விருது பெற்றது. லூசியானாவின் எட்னா ஸ்பால்டிங், மங்கலான இளஞ்சிவப்புகளையும் ஊதாக்களையும் தெளிவான நிறங்களாக மாற்றியவர். அவரது 'லக்ஸுரி லேஸ்' 1965-ல் விருது வாங்கியது.

ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் மகன் பில் மன்சனும் அம்மா இடா மன்சனும் ஒரே தோட்டத்தில் புது ரகங்களை உருவாக்கினார்கள். அம்மா 1988-ல் பதிவு செய்த 'இடா'ஸ் மேஜிக்', பூவின் ஓரத்தில் தங்கக் கரை கொண்டுவர நினைத்த பலருக்கும் தாய்ச்செடியாக அமைந்தது. இன்று பஸ்ஸில் வந்து இறங்குபவர்கள் வாய்பிளந்து பார்க்கும் கரை வைத்த பூக்கள் பலவற்றின் வம்ச வரலாற்றைத் தோண்டினால் அந்த அம்மாவின் பெயர் வந்து நிற்கும்.

நம் செங்காந்தளுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு!

அந்தப் பூக்களின் தடித்த இதழ்களுக்கும் அகலத்துக்கும் பின்னால் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. பெயர் கோல்சிசின். செல் பிரியும் நேரத்தில் இது உள்ளே போனால், இரட்டிப்பான குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும். 22 என்பது 44 ஆகிவிடும். தாவரங்களில் இப்படிச் செய்ய முடியும் என்பது 1937-ல் உலகுக்குத் தெரியவந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அது டேலில்லித் தோட்டங்களுக்கும் வந்துவிட்டது. சிகாகோ பகுதியைச் சேர்ந்த ஆர்வில் ஃபே, ராபர்ட் கிரீஸ்பாக் போன்றவர்கள் 1960-களின் தொடக்கத்தில் 44 குரோமோசோம் ரகங்களைக் காட்சிக்கு வைத்தபோது டேலில்லி உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பழைய நளினம் போய்விட்டது என்று ஒரு கட்சி. இனி எதிர்காலம் இதுதான் என்று இன்னொரு கட்சி. 22 வகையும் 44 வகையும் ஒன்றோடொன்று சேர்ந்து காய் பிடிக்காது என்பதால் தோட்டங்களிலும் அந்தக் கோடு இன்றுவரை அப்படியே இருக்கிறது.

கோல்சிசின் ஐரோப்பாவின் இலையுதிர்கால குரோகஸ் செடியில் இருக்கிறது. அதேபோல் அது நிறைந்திருக்கும் இன்னொரு செடி, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள். திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கத்து விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் பந்தல் போட்டு வளர்ப்பது இதைத்தான். கீல்வாத மருந்தான கோல்சிசினுக்காகவே அதன் விதை விலைபோகிறது. காந்தள் பூ பார்க்க எவ்வளவு அழகோ, செடி அவ்வளவு விஷம். டேலில்லிக்குப் பயன்படுத்தும்போதும் அப்படித்தான். மருந்து தடவிய குருத்துகளில் பல கருகிவிடும். தப்பிப் பிழைத்தவற்றில் சில மட்டுமே முழுமையாக மாறியிருக்கும்.

பன்னிரண்டு மணி: எதை வைப்பது... எதைப் பிடுங்குவது?

விருந்தாளிகள் முன்பக்கத் தோட்டத்தோடு திருப்திப்பட்டுப் போய்விடுவார்கள். உண்மையான நாடகம் நடப்பது பின்பக்கம், நாற்றுப் பாத்தியில். அங்கே அழகான வரப்பு இருக்காது, பெயர்ப்பலகை இருக்காது. நெருக்கி நட்ட நூற்றுக்கணக்கான செடிகள், சில தோட்டங்களில் ஆயிரக்கணக்கான செடிகள். ஒவ்வொன்றும் உலகில் வேறெங்கும் இல்லாத பூ. அதில் பல, இன்றுதான் முதன்முறையாகக் கண் திறந்திருக்கின்றன.

ஹைபிரிடைசர் தினமும் இந்த வரிசையில் நடக்கிறார். பிடித்த செடியின் தண்டில் ஒரு கலர் ரிப்பன் கட்டுகிறார். ரிப்பன் விழாதவை? அடுத்த சில வாரங்களில் மண்வெட்டி அவற்றின் வேருக்கு வரும். பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம், சர்ச்சுக்குக் கொஞ்சம். மீதி உரக்குழிக்கு. ஆயிரம் நாற்றில் ஒன்றோ இரண்டோ தேறினாலே அந்த வருடம் நல்ல வருடம்.

ஒதுக்கப்பட்டவை அசிங்கமான பூக்களா என்றால், இல்லை. நம் வீட்டுத் தொட்டியில் பூத்தால் தெருவையே கூப்பிட்டுக் காட்டுவோம். ஆனால், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள நிலம் இல்லை. அடுத்த வருட விதைகள் ஃப்ரிட்ஜில் காத்திருக்கின்றன. பழையவை எழுந்தால்தான் புதியவற்றுக்குப் பாய் விரிக்க முடியும். மூன்று வருடம் தண்ணீர் ஊற்றிய கையாலேயே பிடுங்க வேண்டும் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் வலி. புதிதாக வருபவர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ரிப்பன் விழுந்துவிட்டால் மட்டும் போதாது. பரீட்சை அப்புறம்தான் ஆரம்பம். தேர்ந்தெடுத்த செடிகள் தனி வரிசைக்குப் போகும். அங்கே இரண்டு, மூன்று ஆண்டுகள் கவனிப்பு. தண்டு பூவின் கனத்தைத் தாங்குகிறதா? எத்தனை கிளை, எத்தனை மொட்டு? இரவு குளிர்ந்த நாளில் காலையில் முழுதாக விரிகிறதா? அடர்சிவப்புப் பூ மத்தியான வெயிலில் உருகிவிடாமல் நிற்கிறதா? பக்கக்கன்று வேகமாக விடுகிறதா? காலையில் மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மாலை ஐந்து மணிக்கு மறுபடி வந்து பார்க்கிறார்கள். ஒரே நாள்தான் ஆயுள் என்றால் அந்த நாள் முழுக்க அழகாக இருக்க வேண்டாமா?

தேறிய செடிக்குப் பெயர் வைத்து, உயரம், பூவின் அளவு, பருவம், பெற்றோர் விவரம் எல்லாம் எழுதிப் பதிவு செய்கிறார்கள். விற்பதற்குப் போதுமான கன்றுகள் சேர இன்னும் ஓரிரு ஆண்டுகள். மகரந்தம் தடவிய காலைக்கும் விலைப்பட்டியலில் பெயர் வரும் நாளுக்கும் நடுவே ஏழெட்டு வருடங்கள் ஓடிவிடும். புது ரகத்தின் ஒரு கன்று நூறு டாலருக்கு மேலும் விலைபோகும். செடி பெருகப் பெருக விலை இறங்கி, சில ஆண்டுகளில் பத்து, இருபது டாலருக்கு வந்துவிடும். மண், உரம், தண்ணீர், உழைப்பு எல்லாம் கணக்குப் போட்டால் பெரும்பாலானோருக்கு இது லாபம் தரும் தொழில் கிடையாது.

மான், துரு, வயது

எதிரிகளும் உண்டு. மான்களுக்கு டேலில்லி மொட்டு என்றால் அல்வா. மூன்று வருடம் காத்திருந்த முதல் மொட்டை ஒரே இரவில் மேய்ந்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் பல தோட்டங்களைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் வேலி. 2000-ம் ஆண்டு அமெரிக்காவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்ட துரு நோய் இன்னொரு தலைவலி. இலையில் கையை வைத்தால் மஞ்சள் பொடி ஒட்டும். அதன் பிறகு, நோயைத் தாங்குமா என்பதும் தேர்வின் ஒரு கேள்வியாகிவிட்டது.

ஆனால், எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி காலம். இந்த வேலைக்கு நேரம் கிடைப்பதே பலருக்கு ஓய்வுபெற்ற பிறகுதான். அறுபத்தைந்து வயதில் ஒரு மகரந்தத்தைத் தடவுபவர், அதன் முடிவைப் பார்க்க எழுபதைத் தாண்ட வேண்டும். அதன் பிள்ளைகளின் பிள்ளைகளைப் பார்க்க எண்பது. 'தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தக் கணக்கு டேலில்லிக்காரர்களுக்கும் தெரியும்.

முழங்கால் வலி வந்தால் முதலில் சுருங்குவது நாற்றுப் பாத்தி. தோட்டக்காரர் மறைந்துவிட்டாலோ, வீடு கைமாறினாலோ, பெயர் பெற்ற செடிகளுக்குப் பிரச்னை இல்லை. அவை ஏற்கெனவே நூறு தோட்டங்களில் இருக்கும். பெயர் வைக்காத செடிகளின் கதிதான் பரிதாபம். எந்தச் செடிக்காக ரிப்பன் கட்டினார், அதில் எதைப் பார்த்தார் என்பது அவர் மனதில் மட்டுமே இருந்திருக்கும். விவரம் தெரியாத புது வீட்டுக்காரருக்கு அது வெறும் புல்.

அதனால்தான் இந்த வட்டாரத்தில் கொடுக்கும் பழக்கம் அதிகம். நல்ல நாற்று ஒன்று தேறினால், ஒரு கன்றை நண்பருக்குக் கொடுத்து வைப்பது. மகரந்தம் கேட்டு வருபவருக்கு இல்லை என்று சொல்லாதது. ஆர்வமுள்ள இளைஞர் யாராவது கிடைத்தால் விதைகளை அள்ளித் தருவது. ஒருவரது மறைவுக்குப் பிறகு நண்பர்கள் அவரது நாற்றை வளர்த்து அவர் பெயரிலேயே பதிவு செய்வதும் உண்டு.

மாலை ஏழு மணி

பஸ் போய்விட்டது. வெயில் சாய்கிறது. காலையில் கண்ணைப் பறித்த பூக்களின் ஓரங்கள் மெல்ல உள்பக்கம் சுருளத் தொடங்குகின்றன. வீட்டுக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு கடைசி முறையாக நாற்றுப் பாத்தியில் நடக்கிறார். காலையில் கட்டிய ஒரு ரிப்பனை மாலையில் அவிழ்க்கிறார். காலையில் கவனிக்காத ஒரு செடிக்கு அதைக் கட்டுகிறார்.

பக்கத்தில், இரவு முடிந்து விரியக் காத்திருக்கும் மொட்டுகள் வெள்ளரிப் பிஞ்சுபோல் பருத்திருக்கின்றன. அதில் ஒன்று, மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவர் தடவிய மகரந்தத்தின் முதல் பூ. என்ன நிறம் என்று அவருக்கும் தெரியாது. நாளை காலை ஆறு மணிக்குத் தெரிந்துவிடும்.

வாளியைக் கழுவி, பின்வாசல் படியில் கவிழ்த்து வைக்கிறார்.

நம் வீட்டில் வளர்க்கலாமா?

* இலையுதிரும் வகை, பாதிப் பசுமை வகை, எப்போதும் பசுமையாக இருக்கும் வகை என டேலில்லியில் மூன்று உண்டு. நம் ஊர் வெப்பத்துக்கு, ஃபுளோரிடா போன்ற வெப்பமான இடங்களில் உருவான எப்போதும் பசுமை வகைகளே ஏற்றவை. குளிர்காலத்தில் உறங்கும் வகைகள் இங்கே சோர்ந்துபோகலாம்.

* தினமும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். சமவெளியில் உச்சி வெயில் நேரத்தில் லேசான நிழல் நல்லது. தண்ணீர் தேங்காத மண் அவசியம். தொட்டியில் வைப்பதானால் குறைந்தது ஓரடி ஆழம் இருக்கட்டும்.

* புதர் அடர்ந்துவிட்டால் மூன்று, நான்கு வருடத்துக்கு ஒரு முறை தோண்டிப் பிரித்து நடலாம். பிரித்து நட்டால் தாயைப் போலவே பூக்கும். விதை போட்டால் புது முகம் வரும்.

* காலையில் இரண்டு ரகங்களின் மகரந்தத்தை மாற்றித் தடவிப் பாருங்கள். காய் பிடித்தால் பெற்றோர் பெயரை உடனே எழுதிக் கட்டிவிடுங்கள். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடைக்காது.

* சீன, தாய்வான் சமையலில் டேலில்லி மொட்டுகளை உலர்த்தி சூப்பில் போடுவார்கள். அது அதற்கென்றே வளர்க்கும் வகை. நர்சரியில் வாங்கிய அலங்காரச் செடியைச் சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

* வீட்டில் பூனை இருந்தால் டேலில்லி வேண்டவே வேண்டாம். இலை, பூ, மகரந்தம் என எதைத் தின்றாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகும். தெரியாமல் தின்றுவிட்டால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.